ஊரிலிருந்து வந்த பெற்றோருடன் ஜெர்மனியின் ஆற்றங்கரைகளுக்கும் கோட்டைகளுக்கும்: வார இறுதிப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்மனிக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து காலூன்றியவர்களில் பலர் செய்கிற முதல் பெரிய காரியம், ஊரிலிருந்து பெற்றோரை வரவழைப்பதுதான். அழைப்புக் கடிதம், காப்பீடு, விசா நேர்காணல் என்று சில மாதங்கள் அலைந்து அவர்களை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறோம். அதன்பின் வார நாள்களில் நாம் அலுவலகம் போய்விட, அவர்கள் ஜன்னல் வழியே ஆளில்லாத தெருவைப் பார்த்தபடி பொழுதைக் கழிக்கிறார்கள். ஆகவே சனியும் ஞாயிறும் முழுக்க முழுக்க அவர்களுக்கு உரியவை. அந்த நாள்களை எப்படிச் செலவிடலாம் என்பதைத்தான், என் பெற்றோரையும் பின்னர் என் மாமனார் மாமியாரையும் அழைத்துச் சென்ற அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

நான் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அருகில் வசிக்கிறேன். இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் ரைன், மோசல், நெக்கார் என்னும் மூன்று ஆறுகளின் மிக அழகான பகுதிகள் வந்துவிடுகின்றன. கொலோன், மைன்ஸ், மன்ஹைம் பக்கம் இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். புதிதாகத் திட்டமிடுபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, ஒரே நாளில் நான்கு ஊர்களையும் மூன்று கோட்டைகளையும் அடைத்துவிடுவது. அறுபதைக் கடந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு கோட்டை போதும். சில நாள்களில் அதுவும் வேண்டாம், ஆறு மட்டும் போதும்.

புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதலில் இரண்டு ஜெர்மன் சொற்களை நினைவில் வையுங்கள். 'பூர்க்' என்றால் போருக்கும் காவலுக்குமாகக் கட்டிய கோட்டை. பெரும்பாலும் குன்றின் உச்சியில் இருக்கும், படிகள் செங்குத்தாக இருக்கும், உள்ளே இருட்டும் குளிரும் இருக்கும். 'ஷ்லோஸ்' என்றால் அரசரோ பிரபுவோ வசதியாக வாழ்வதற்குக் கட்டிய அரண்மனை. பெரும்பாலும் அகலமான படிகளும் தோட்டமும் இருக்கும். ஹைடல்பெர்க்கைப் போலக் கோட்டையாகத் தொடங்கி அரண்மனையாக வளர்ந்தவையும் உண்டு என்பதால் இந்தப் பிரிவினை எப்போதும் பொருந்தாது. ஆனாலும் மூட்டுவலி உள்ளவரை அழைத்துச் செல்லும்போது பெயரைப் பார்த்தே ஓரளவு எச்சரிக்கையாகிவிடலாம். இணையத்தில் ஓர் இடத்தைப் பற்றிப் படிக்கும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், படிகளின் எண்ணிக்கையையும் ஏற்றத்தையும் பாருங்கள். சமதளத்தில் மூன்று கிலோமீட்டர் நடக்கும் என் தாயார், கைப்பிடி இல்லாத சுழல்படியில் முப்பது படி இறங்குவதற்குள் களைத்துவிடுவார்.

காலத்தைப் பொறுத்தவரை ஏப்ரல் இறுதி முதல் அக்டோபர் நடுவரை பொருத்தமானது. சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் ஓடுகின்றன. பல கோட்டைகள் குளிர்காலத்தில் மூடிவிடுகின்றன. என்னைக் கேட்டால் மே, ஜூன் மாதங்களையும் செப்டம்பரையும் சொல்வேன். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால் அவசரமே இல்லை. செப்டம்பரில் திராட்சைத் தோட்டங்களில் அறுவடை நடக்கும்.

பயணச்சீட்டு விஷயத்தில் கொஞ்சம் யோசித்தால் நிறையப் பணம் மிச்சமாகும். பெற்றோர் ஒரு மாதமோ அதற்கு மேலோ தங்குவதாக இருந்தால் அவர்களுக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது. 2023 மே மாதத்தில் 49 யூரோவாகத் தொடங்கிய இது, 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்து, டிராம், எஸ்-பான் என்னும் புறநகர் ரயில், ஆர்பி, ஆர்ஈ என்னும் வட்டார ரயில்கள் ஆகியவற்றில் இது செல்லும். ஐசிஈ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. இது மாதச் சந்தா என்பதையும், வழக்கமாக அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் மாத இறுதியோடு நிற்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பெற்றோர் விமானம் ஏறிய பிறகும் இரண்டு மாதம் பணம் பிடித்தம் ஆனவர்களை எனக்குத் தெரியும். சீட்டு ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக இருக்கும். பரிசோதகர் அடையாள ஆவணம் கேட்பார். ஆகவே பாஸ்போர்ட்டுகளை ஒரு சிறு பையில் வைத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மட்டும் வந்திருப்பவர்கள் என்றால் மாநிலச் சீட்டு போதும். ரைன்லாண்ட்-ஃபால்ஸ் டிக்கெட், பாடன்-வூர்ட்டம்பெர்க் டிக்கெட், ஹெஸ்ஸன் டிக்கெட் என ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்று உண்டு. ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை ஒரு நாள் முழுதும் போகலாம். வார நாள்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் இது பெரும்பாலும் செல்லும். சனி ஞாயிறுகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. நீங்கள் போகும் தடம் எந்த மாநில எல்லைக்குள் வருகிறது என்பதை மட்டும் வாங்கும் முன் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ரைன் நதியின் இந்தப் பகுதியில் ரயில் இரண்டு மாநிலங்களுக்குள் மாறி மாறிப் போகிறது. இந்தச் சீட்டுகள் எவையும் சுற்றுலாக் கப்பலுக்குச் செல்லாது.

வெள்ளிக்கிழமை இரவு ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் செயலியில் மறுநாளைய ரயிலை ஒருமுறை பாருங்கள். வார இறுதிகளில்தான் தண்டவாளப் பணிகள் நடக்கும். 'ஷீனன்எர்சாட்ஸ்ஃபெர்கேர்' என்ற நீண்ட சொல் கண்ணில் பட்டால், ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடுகிறது என்று பொருள். அந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்று தேடி அலைவது வயதானவர்களுக்குப் பெரிய சோதனை. அப்படியானால் அந்த வாரம் வேறு ஆற்றுக்குப் போங்கள். உள்ளூர் ரயில்களில் இருக்கை முன்பதிவு கிடையாது. சனிக்கிழமை காலையில் சைக்கிள்காரர்களும் மலையேறுபவர்களும் நிறைந்திருப்பார்கள். ரயில் புறப்படும் நிலையத்திலிருந்தே ஏறினால் நான்கு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கும்.

கட்டுச்சோறு, காலணி, சில்லறை

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பயணம் இனிப்பதும் கசப்பதும் பாதி இதில்தான் இருக்கிறது. சிற்றூர் உணவகங்களில் சமையலறை மதியம் இரண்டு மணி வாக்கில் மூடி மாலை ஐந்தரை, ஆறு மணிக்குத்தான் திறப்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் அடைத்திருக்கும். பெரிய ரயில் நிலையங்களின் கடைகளும் காலை வேளையில் பேக்கரிகளும்தான் திறந்திருக்கும். எனவே கட்டுச்சோறு கட்டிக்கொள்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். ஆற்றங்கரைப் பெஞ்சுகளில் அமர்ந்து வீட்டு உணவைச் சாப்பிடுவது ஜெர்மானியர்களும் செய்கிற காரியம்தான். புளியோதரை மறுநாள் வரை கெடாது. தயிர்சாதத்தைப் பால் கூடுதலாக விட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டால் மதியத்துக்குள் புளிக்காது. ஒரு ஃபிளாஸ்க்கில் காபியும் இன்னொன்றில் வெந்நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். உணவகத்தில் வெந்நீர் கேட்டால் தேநீருக்கான விலையைப் போட்டுவிடுவார்கள், தண்ணீர் கேட்டால் பெரும்பாலும் சோடா வரும். 'ஷ்டில்லெஸ் வாஸர்' என்று கேட்டால்தான் சாதாரணத் தண்ணீர் வரும், அதற்கும் விலை உண்டு.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு உணவகத்தில் கிடைக்கக்கூடியவை: சீஸ் கலந்த கேஸ்-ஷ்பெட்ஸ்லே, ஆப்பிள் கூழோடு தரும் உருளைக்கிழங்கு அடையான கார்டோஃபல்புஃபர், மெல்லிய ரொட்டி போன்ற ஃபிளாம்கூகன். இந்தக் கடைசி உணவில் வழக்கமாகவே பன்றி இறைச்சித் துண்டுகள் போடுவார்கள் என்பதால் 'ஓனே ஷ்பெக்' என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். வெங்காயக் கேக் என்று பெயரைப் பார்த்து நம்பி வாங்கும் ட்ஸ்வீபல்கூகனிலும் அதே இறைச்சி இருப்பதுண்டு. கேட்காமல் சாப்பிடக் கொடுத்துவிடாதீர்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த செருப்போடு எந்தக் கோட்டைக்கும் போகக் கூடாது. பழைய ஊர்களின் தெருக்கள் எல்லாம் உருண்டைக் கற்கள் பாவியவை. மழை பெய்தால் வழுக்கும். வந்த முதல் வாரத்திலேயே பிடிமானம் உள்ள ஷூ ஒன்றை வாங்கிக் கொடுத்து, வீட்டைச் சுற்றி நடந்து பழக்கிவிடுங்கள். புடவை கட்டுபவர்கள் கொசுவத்தைச் சற்று உயர்த்திக் கட்டிக்கொண்டு, உள்ளே வெப்ப உள்ளாடை போட்டுக்கொண்டால் ஆற்றுக்காற்றுக்கு நடுங்க வேண்டியிருக்காது. ஜூலை மாதமே ஆனாலும் கப்பலின் மேல்தளத்தில் காதை மறைக்க ஒரு மஃப்ளர் வேண்டும்.

பையில் ஐம்பது சென்ட், ஒரு யூரோ நாணயங்கள் எப்போதும் இருக்கட்டும், கழிப்பறைக்கு அவை தேவை. உள்ளூர் ரயிலில் ஒரே கழிப்பறைதான் இருக்கும், அதுவும் பழுதாகிப் பூட்டியிருப்பது அடிக்கடி நடக்கும். அதனால் ஒவ்வோர் ஊரிலும் இறங்கியவுடன் முதல் வேலையாகக் கழிப்பறை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை ஒரு நாளைக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள், காப்பீட்டுத் தாளின் படம் உங்கள் கைபேசியில் இருக்கட்டும். ஆபத்து என்றால் 112. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல், வயிற்றுக்கோளாறு போன்றவற்றுக்கு மருத்துவரை நாட 116117.

முதல் வாரம்: ஹைடல்பெர்க்

வந்து இறங்கிய முதல் வார இறுதியில் நேரமாற்றத்தின் களைப்பு தீர்ந்திருக்காது. அதற்கு ஹைடல்பெர்க்தான் ஏற்றது. முதன்மை ரயில் நிலையம் பழைய ஊரிலிருந்து தள்ளி இருப்பதால், அங்கிருந்து பேருந்து பிடியுங்கள் அல்லது எஸ்-பானில் 'ஹைடல்பெர்க்-ஆல்ட்ஷ்டாட்' நிலையம் வரை போங்கள். கார்ன்மார்க்ட் என்ற சதுக்கத்தின் அருகிலிருந்து அரண்மனைக்கு மலை ரயில் உண்டு. கம்பிவடம் இழுக்க மேலேறும் இந்த வண்டியைப் பார்த்தவுடன் என் தந்தை "பழனி விஞ்ச்" என்று பெயர் வைத்துவிட்டார். அதைவிடச் சரியான விளக்கம் என்னிடமும் இல்லை. அரண்மனைச் சீட்டிலேயே இந்த வண்டிக் கட்டணமும் சேர்ந்துவிடுகிறது.

அரண்மனை பாதி இடிந்து நிற்பதைப் பார்த்து ஏன் சரிசெய்யவில்லை என்று பெரியவர்கள் கேட்பார்கள். 1689-இலும் 1693-இலும் பிரெஞ்சுப் படைகள் இதைத் தகர்த்தன. சரிசெய்யத் தொடங்கிய பிறகு 1764-இல் இடி விழுந்து எரிந்தது. அதன் பிறகு இடிபாடாகவே காக்கப்படுகிறது. நிலவறையில் உள்ள 1751-ஆம் ஆண்டின் மரப்பீப்பாயில் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் திராட்சை மது கொள்ளுமாம், அதன் மேல் ஏறிப் பார்க்கப் படிகள் உண்டு. ஏற முடியாதவர்கள் வெளியே மொட்டைமாடத்தில் அமர்ந்து நெக்கார் ஆற்றையும் பழைய பாலத்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் போன மூன்று முறையும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த மாடத்தில்தான் அதிக நேரம் இருந்தார்கள். 1386-இல் தொடங்கிய ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் கற்பிக்கப்படுகிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள். வேறு எதைக் காட்டிலும் அது அவர்களை மகிழ்விக்கும்.

இரண்டாம் வாரம்: கோப்ளென்ஸும் மார்க்ஸ்பூர்க்கும்

மோசல் ஆறு ரைனில் கலக்கும் இடம் கோப்ளென்ஸ். நம் பவானி கூடுதுறையைப் போல இரண்டு ஆறுகள் சேரும் முனை. 'டாய்ச்செஸ் எக்' என்று பெயர். முதலாம் வில்ஹெல்ம் பேரரசர் குதிரைமேல் அமர்ந்த பெரிய சிலை அங்கே நிற்கிறது. 1897-இல் நிறுவி, 1945-இல் போரில் சிதைந்து, 1993-இல் மீண்டும் வைக்கப்பட்ட சிலை அது. முனை வரை சமதளம், பெஞ்சுகள் ஏராளம், பக்கத்திலேயே ரோப் கார். ரைனுக்கு மேலாக எதிர்க்கரையின் ஏரன்பிரைட்ஷ்டைன் கோட்டைக்கு அது கொண்டுபோய் விடுகிறது. வண்டிகள் அகலமானவை, சக்கர நாற்காலியும் ஏறும். முழங்கால் பலமில்லாதவர்களுக்கு ஒரு மலைக்கோட்டையைக் காட்ட இதைவிட எளிய வழி இந்தப் பக்கத்தில் இல்லை. மேலிருந்து பார்த்தால் இரண்டு ஆறுகளும் சேரும் கோணம் அப்படியே கண்ணுக்குள் வந்துவிடும்.

நடக்கக்கூடியவர்கள் என்றால் அன்று கோப்ளென்ஸை மாலைக்கு ஒதுக்கிவிட்டு, காலையில் ரைனின் வலக்கரையில், அதாவது கிழக்குக் கரையில் ஓடும் ரயிலில் சற்று தெற்கே உள்ள பிரௌபாக் என்ற சிற்றூருக்குப் போங்கள். அந்த ஊருக்கு மேலே நிற்பதுதான் மார்க்ஸ்பூர்க். நடு ரைன் பகுதியின் குன்றுக்கோட்டைகளில் ஒருபோதும் அழிக்கப்படாதது இது ஒன்றுதான். மற்றவை பலவும் பிரெஞ்சுப் படைகளால் இடிக்கப்பட்டு, 19-ஆம் நூற்றாண்டில் பழமையின்மேல் ஆசை கொண்ட அரச குடும்பத்தாரும் செல்வந்தர்களும் தங்கள் கற்பனைப்படி திரும்பக் கட்டியவை. 1900-இல் ஜெர்மன் கோட்டைகள் சங்கம் மார்க்ஸ்பூர்க்கை வாங்கியது. இன்றும் அச்சங்கத்தின் தலைமையகம் இதுவே. எனவே இடைக்காலக் கோட்டை மெய்யாக எப்படி இருந்தது என்று ஒரே ஒரு கோட்டையில் காட்ட வேண்டுமானால், மார்க்ஸ்பூர்க்கைத்தான் காட்ட வேண்டும்.

வழிகாட்டியோடுதான் உள்ளே செல்ல முடியும். ஆங்கிலத்தில் வழிகாட்டும் நேரங்கள் குறைவு, முன்னதாக இணையத்தில் பார்த்துவிட்டு அதற்கேற்ப ரயிலைத் தேர்ந்தெடுங்கள். ஊரிலிருந்து மேலே நடக்க இளைஞர்களுக்கே இருபது நிமிடம் ஆகும் ஏற்றம் அது. பெரியவர்கள் இருந்தால் டாக்சிக்கு முன்னரே சொல்லிவைப்பது உத்தமம். முதல் வாயிலைத் தாண்டியவுடன் குதிரைகள் ஏறுவதற்காகப் பாறையிலேயே வெட்டிய படிவழி வரும். ஒவ்வொரு படியும் ஒவ்வோர் உயரத்தில், ஒவ்வொரு சாய்வில் இருக்கும். அதில் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை முன்னே போக விட்டுவிட்டு மெதுவாக ஏறுங்கள்.

உள்ளே சமையலறைக்குள் நுழைந்தபோது என் தாயார் வழிகாட்டி சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிட்டார். ஒரு மாட்டையே நிறுத்திச் சுடலாம் என்கிற அளவுக்கு அகலமான அடுப்பு. புகைக்கூண்டின் உட்புறம் கரி படிந்து கறுத்திருந்தது. மேலேயிருந்து சங்கிலியில் தொங்கும் இரும்புக் கொப்பரை. கொப்பரையை மேலே ஏற்றினால் தீயைக் குறைத்ததற்குச் சமம் என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், "கல்யாணச் சமையலில் விறகை வெளியே இழுப்போமே, அதேதான்" என்றார். அடுத்த கூடத்தில் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சிறு அறைதான் கழிப்பறை, கீழே வெறும் பள்ளத்தாக்கு. அதன்பின் வந்த இரும்புக் கவசங்களின் வரிசை என் தந்தைக்குப் பிடித்தது. ஒரு கோட்டையில் ஒவ்வொருவரும் தமக்குரிய ஓர் அறையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுப்பதற்காகத்தான் ஒரு நாளைக்கு ஒரு கோட்டை என்கிறேன்.

மூன்றாம் வாரம்: மோசல்

மோசல் ரைனைவிட ஒடுங்கியது, அமைதியானது, அடிக்கடி வளைந்து திரும்புவது. கோப்ளென்ஸிலிருந்து ட்ரியர் போகும் ரயிலில் கோகெம் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். ரயில் நிலையத்திலிருந்து ஆற்றோரமாகவே நடந்தால் ஊர். மேலே தெரியும் ரைக்ஸ்பூர்க் 1689-இல் இடிக்கப்பட்டு, 1868-இல் லூயி ராவெனே என்ற பெர்லின் வணிகர் விலைக்கு வாங்கித் திரும்பக் கட்டியது. மரவேலைப்பாடுகளும் கூடங்களும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் பழைய கோட்டை என்று நினைத்துப் போகாதீர்கள்.

கோகெமில் எங்களை நிறுத்தியது கோட்டை அல்ல, வீட்டுச் சுவர்கள். ஆற்றுக்கு அருகிலுள்ள வீடுகளின் வாயிலோரச் சுவரில், வெள்ளம் எந்த ஆண்டு எந்த உயரம் வரை வந்தது என்று கோடு கிழித்து ஆண்டைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1993 டிசம்பர் வெள்ளத்தின் கோடு என் தந்தையின் தலைக்கு மேலே இருந்தது. காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர் அவர். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்த ஆண்டுகளை மனப்பாடமாகச் சொல்வார். ஒவ்வொரு கோட்டின்மேலும் விரலை வைத்து ஆண்டைப் படித்துவிட்டு, அந்த ஆண்டு நம் ஊரில் என்ன நடந்தது என்று சொல்லிக்கொண்டே அந்தத் தெரு முழுதும் நடந்தார். அன்று நாங்கள் கோட்டைக்கே ஏறவில்லை.

எல்ட்ஸ் கோட்டையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். காட்டுப் பள்ளத்தாக்கின் நடுவே பாறைமேல் நிற்கும் இந்தக் கோட்டை, 850 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. பழைய 500 மார்க் நோட்டில் இதன் படம் இருந்தது. மோசல்கெர்ன் நிலையத்திலிருந்து ஓடையோரமாக ஒன்றரை மணி நேரம் நடந்து போவது இளைஞர்களுக்கு அருமையான வழி, பெரியவர்களுக்கு அல்ல. அவர்களுடன் போவதானால் காரில் மேலேயுள்ள நிறுத்துமிடம் வரை சென்று, அங்கிருந்து கோட்டைக்கு ஓடும் சிறு பேருந்தைப் பிடியுங்கள். பருவ காலத்தில் வார இறுதிகளில் மோசல் கரை நிலையங்களிலிருந்தும் பேருந்து உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் இறுதி வரை மூடியிருக்கும்.

கடைசி வாரம்: ரைனில் கப்பல்

இதை நான் எப்போதும் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். பிங்கன், ரூடெஸ்ஹைம் ஊர்களிலிருந்து கோப்ளென்ஸ் வரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பள்ளத்தாக்கு 2002-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவு சிறிய நீளத்தில் சுமார் நாற்பது கோட்டைகள் இருப்பதற்குக் காரணம் சுங்கம். ஆறு பல சிற்றரசர்களின் எல்லைகள் வழியாக ஓடியது. சரக்குப் படகுகளிடம் ஒவ்வொருவரும் வரி வாங்கினார்கள்.

திட்டமிடும்போது ஒன்றை முக்கியமாக நினைவில் கொள்ளுங்கள். மைன்ஸுக்கும் கோப்ளென்ஸுக்கும் இடையே ரைனின்மேல் பாலமே இல்லை. இரு கரைகளிலும் தனித்தனி ரயில் பாதைகள் உண்டு. கரை மாற வேண்டுமானால் படகுதான். என் பெற்றோர் வந்த முதல் ஆண்டில், சாங்க்ட் கோர் என்று நினைத்து எதிர்க்கரையிலுள்ள சாங்க்ட் கோர்ஸ்ஹவுசனில் அறை எடுத்துவிட்டேன். பெயர் ஒன்றுபோல இருந்ததைக் கவனிக்கவில்லை. பெட்டிகளோடு மழையில் படகுத்துறைக்கு நடந்து, படகு வரும்வரை கூரையில்லாத இடத்தில் அவர்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. அன்று தாயாருக்குப் பிடித்த சளி ஒரு வாரம் நின்றது. அறை எடுக்கும் முன் வரைபடத்தில் எந்தக் கரை என்று பாருங்கள்.

நாளை இப்படி அமையுங்கள். காலையில் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வலக்கரை ரயிலில் ரூடெஸ்ஹைம் போய், அங்கே கப்பல் ஏறி, ஆற்றோட்டத்தின் திசையில் சாங்க்ட் கோர் வரை செல்லுங்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். எதிர்த் திசையில் இதே தூரத்துக்கு நேரம் வெகுவாகக் கூடிவிடும், பெரியவர்கள் சலித்துப்போவார்கள். 1826-இல் தொடங்கிய கேடி நிறுவனத்தின் கப்பல்கள் இந்தத் தடத்தில் ஓடுகின்றன. கால அட்டவணையை முதல் நாளே பாருங்கள். கோடையின் இறுதியில் ஆற்றில் தண்ணீர் மிகவும் இறங்கிவிட்டால் சேவை குறைவதுண்டு. 2018 அக்டோபரில் இந்தத் தடத்திலுள்ள கௌப் ஊரின் அளவுகோலில் நீர்மட்டம் வெறும் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது.

கப்பல் புறப்பட இருபது நிமிடம் முன்னதாகவே துறையில் நின்றால் மேல்தளத்தில் ஓரத்து நாற்காலிகள் கிடைக்கும். புறப்பட்டவுடன் ஆற்றின் நடுவே எலிக்கோபுரம் எனப்படும் சிறு கோபுரமும், வலப்பக்கம் ஏரன்ஃபெல்ஸ் இடிபாடும், இடப்பக்கம் ரைன்ஷ்டைன், ரைக்கன்ஷ்டைன், சோனெக் கோட்டைகளும் அடுத்தடுத்து வரும். பாகராக்கைக் கடந்ததும் எல்லோரையும் எழுப்பி நிறுத்துங்கள். கௌப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுப்பாறையில், நங்கூரம் போட்ட கல் கப்பலைப் போல ஃபால்ஸ்கிராஃபென்ஷ்டைன் நிற்கும். 1320-களில் பவேரியாவின் லுட்விக் மன்னர் சுங்கம் வாங்கவே கட்டியது. நீரைக் கிழிக்கும் முனை ஒன்று ஓட்டத்தை எதிர்த்து நீட்டிக்கொண்டிருப்பதைக் கப்பல் நெருங்கும்போது பார்க்கலாம். பிறகு ஆறு சட்டென்று ஒடுங்கித் திரும்பும் இடத்தில் வலப்பக்கம் லோரலை பாறை. நீர்மட்டத்திலிருந்து 130 மீட்டருக்கு மேல் உயர்ந்த வெறும் பாறைதான், ஆனால் அதன்மேல் அமர்ந்து தலைவாரிக்கொண்டே பாடிப் படகோட்டிகளை மயக்கி மூழ்கடித்த பெண்ணின் கதையை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால் பெரியவர்களும் குழந்தைகளும் பாறையை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

சாங்க்ட் கோரில் இறங்கியதும் கட்டுச்சோற்றைப் பிரிக்க ஆற்றங்கரையில் நல்ல நிழலுள்ள பெஞ்சுகள் உண்டு. மேலேயுள்ள ரைன்ஃபெல்ஸ் இடிபாடு மிகப் பெரியது. செஞ்சியில் ஏறிப் பழகிய இளையவர்கள் மட்டும் போய் வரட்டும், மற்றவர்கள் கீழேயே காபி குடிக்கலாம்.

திரும்பும்போது இடக்கரை ரயிலில் மைன்ஸ் பக்கம் வாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஏறுவதாக வைத்துக்கொண்டு, ரயில் போகும் திசையைப் பார்த்து இடப்பக்கம், ஜன்னலோரம் பெரியவர்களை உட்கார வையுங்கள். ஆறு அந்தப் பக்கம்தான் வரும். காலையில் நிழலில் பார்த்த லோரலை பாறையும், கௌப்பின் கல் கப்பலும், அதற்கு மேலே குன்றில் நிற்கும் குட்டன்ஃபெல்ஸும் இப்போது மேற்கு வெயில் நேராக விழுந்து செம்பொன்னாக நிற்கும். பிங்கன் வரும்வரை ஜன்னலை விட்டுத் திரும்ப மாட்டார்கள்.